காட்டும் பணமும் கட்டும் பணமும்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமய வகுப்பு முடிந்து கோயில் மண்டபத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: “அண்ணா, ஆஸ்திரேலியாவுக்குப் போய் இன்ஜினியரிங் படிக்கணும்னா எவ்ளோ காசு வேணும்?”

“எந்தக் காசைக் கேட்கிற? கட்டுற காசா, காட்டுற காசா?” என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். இரண்டு சொல்லுக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசம் தெரியாமல் எங்கள் குடும்பம் ஒரு வருடத்தை இழந்தது. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதையே எழுதுகிறேன். நம் குருண் வட்டாரத்தில் நாலாம், ஐந்தாம் படிவத்திலும் எஸ்டிபிஎம்மிலும் இருக்கிற தம்பி தங்கைகள் இதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படித்தால் நல்லது.

கட்டும் பணம் என்பது கையை விட்டுப் போகிற பணம். கல்லூரிக் கட்டணம், விசாக் கட்டணம், மருத்துவக் காப்புறுதி, விமானச் சீட்டு எல்லாம் இதில் அடங்கும். காட்டும் பணம் என்பது, “நான் அங்கே சாப்பிட்டு, வாடகை கொடுத்து, யாருக்கும் பாரமாக இல்லாமல் படிப்பேன்” என்று அந்த நாட்டுக்கு நிரூபிப்பதற்காக வங்கியில் இருக்க வேண்டிய பணம். அதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் விசா கிடைப்பது கடினம்.

எங்கள் வீட்டுக் கதை

2023-இல் எனக்கு எஸ்டிபிஎம் முடிவு வந்தது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இடம் தருவதாகக் கடிதமும் வந்தது. அப்பா குருணில் தொழிற்சாலை வேலை. தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் நானாக இருப்பேன் என்று பாட்டி ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அப்போது ஆஸ்திரேலியா ஒரு மாணவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவாகக் காட்டச் சொன்ன தொகை 21,041 ஆஸ்திரேலிய டாலர். அப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டார். ஊழியர் சேமநிதி, அம்மாவின் நகை, சீட்டுப் பணம், மாமா தருவதாகச் சொன்னது என்று வரிசையாக எழுதினார். 2023 அக்டோபர் 1-ஆம் தேதி அந்தத் தொகை 24,505 ஆனது. சரி, இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று நான் படிப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். 2024 மே 10-ஆம் தேதி அது 29,710 ஆனது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதியில் விசாக் கட்டணம் 710 டாலரிலிருந்து 1,600 டாலருக்குத் தாவியது. 2025 ஜூலையில் அது 2,000 டாலர்.

நாங்கள் ஒரு படி ஏறினால் ஏணி இரண்டு படி நீண்டது. அப்பாவின் நோட்டில் அந்த எண்ணை மட்டும் மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறார். நோட்டு இன்னும் சாமி மேடைக்குக் கீழே இருக்கிறது.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. வெளிநாட்டு மாணவர்களால் தங்களுக்கு லாபம் என்று இந்த நாடுகளே சொல்கின்றன. பிறகு ஏன் வாசலில் இப்படி ஒரு பரீட்சை?

மாணவன் ஒரு ஏற்றுமதி

முதலில் லாபத்தைப் பார்ப்போம். நம் தாத்தா காலத்தில் ஏற்றுமதி என்றால் ரப்பர். தோட்டத்தில் வெட்டிய பால் ஷீட்டாகிக் கப்பல் ஏறும். வெளியூர்ப் பணம் உள்ளே வரும். கல்வியும் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுமதிதான். ஆனால் சரக்கு நகர்வதில்லை. வாங்குகிறவன்தான் கடைக்கு வருகிறான். நம் பையன் மெல்பர்னில் இருந்துகொண்டு அப்பா அனுப்பிய பணத்தில் கட்டணம் கட்டினால், அறை வாடகை கொடுத்தால், டிராம் ஏறினால், அது முழுவதும் ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றுமதி வருமானம். மலேசியாவுக்கு அது இறக்குமதிச் செலவு.

இது எவ்வளவு பெரிய வியாபாரம்? 2023-இல் ஆஸ்திரேலியாவுக்கு வெளிநாட்டு மாணவர்களால் கிடைத்தது சுமார் 48 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர். இரும்புத்தாது, நிலக்கரி, இயற்கை எரிவாயு ஆகிய மூன்றுக்கும் அடுத்த இடம் கல்விக்குத்தான். பூமியைத் தோண்டாமல் கிடைக்கிற பணம்.

பிரிட்டன் இதை இன்னும் நுணுக்கமாகக் கணக்குப் பார்த்திருக்கிறது. 2021-22 கல்வியாண்டில் அங்கே சேர்ந்த வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் படிப்புக் காலம் முழுவதிலும் அந்த நாட்டுக்குத் தரும் பலன் 41.9 பில்லியன் பவுண்டு என்று 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. அவர்களுக்காக அரசாங்கத்துக்கு ஆகும் மருத்துவம், பொதுச்சேவை போன்ற செலவையும் அதே ஆய்வு கூட்டிப் பார்த்தது. அது 4.4 பில்லியன். ஏறத்தாழ ஒன்பது பங்கு வரவு, ஒரு பங்கு செலவு. அமெரிக்காவில் 2023-24 கல்வியாண்டில் வெளிநாட்டு மாணவர்கள் தந்தது 43.8 பில்லியன் அமெரிக்க டாலர் என்றும், அதனால் 378,000-க்கும் மேற்பட்ட வேலைகள் நிலைத்தன என்றும் அங்குள்ள கல்வியாளர் சங்கமான நாஃப்சா கணக்கிட்டது.

ஆகவே, தம்பி, நீ வெளிநாட்டில் படிக்கப் போவது பிச்சை கேட்டுப் போவதல்ல. நீ வாடிக்கையாளன். இந்த எண்ணம் மனத்தில் இருந்தால் ஏஜென்டு அலுவலகத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை.

பிறகு ஏன் பரீட்சை?

ஏனென்றால் இந்த லாபக் கணக்கு முழுவதும், மாணவன் பணத்தோடு வருகிறான் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. கையில் காசில்லாமல் வந்தால் அவன் வகுப்பை விட்டுவிட்டு இரவு பகலாக வேலை தேடுவான். குறைந்த சம்பளத்துக்கு அவனைப் பிழிகிற முதலாளியிடம் மாட்டுவான். ஒரு அறையில் எட்டுப் பேர் தங்குவார்கள்.

கனடாவில் இது கண்ணெதிரே நடந்தது. வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை அந்த நாடு 2000-களின் தொடக்கத்திலிருந்து 10,000 கனடிய டாலராகவே வைத்திருந்தது. இருபது வருடத்தில் வாடகை எங்கேயோ போய்விட்டது. எண் அப்படியே இருந்தது. கடிதத்தில் தகுதி பெற்ற மாணவர்கள் அங்கே போய் இறங்கியபின் இலவச உணவு மையங்களில் வரிசையில் நின்றார்கள். 2024 ஜனவரி முதல் தேதி அந்தத் தொகை 20,635 ஆனது. 2025 செப்டம்பரிலிருந்து 22,895. கட்டணமும் பயணச் செலவும் தனி.

இந்த எண்கள் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னவை அல்ல. கனடா தன் நாட்டில் குறைந்த வருமானக் கோடு எது என்று கணித்து, அதில் 75 விழுக்காட்டை எடுத்தது. பிரிட்டன் தன் சொந்த மாணவர்களுக்குக் கொடுக்கும் வாழ்க்கைச் செலவுக் கடனை ஒட்டி வைத்திருக்கிறது. ஜெர்மனியும் தன் மாணவர்களுக்கான அரசு உதவித்தொகையை ஒட்டியே மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ என்று நிர்ணயித்தது. அந்தப் பணத்தை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட வேண்டும். மாதாமாதம் ஒரு பங்குதான் கைக்கு வரும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கட்டும் பணம் மிகக் குறைவு. ஆனாலும் காட்டும் பணம் இருக்கிறது. யூரோவை 4 வெள்ளி 80 சென்னாகப் பிடித்தால் அது சுமார் 57,000 வெள்ளி. “ஜெர்மனியில் படிப்பு இலவசம்” என்று பேஸ்புக்கில் பார்த்துவிட்டு ஓடி வருகிற தம்பிகள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பரீட்சையில் அரசியலும் உண்டு. வீட்டு வாடகை ஏறியது, குடியேறிகள் அதிகமானார்கள் என்று சொந்த மக்கள் முணுமுணுக்கும்போது அரசாங்கம் முதலில் இழுத்துப் பிடிக்கிற கயிறு மாணவர் விசாதான். மாணவனுக்கு அங்கே ஓட்டு இல்லை. கனடா 2024-இல் மாணவர் அனுமதிகளுக்கே உச்சவரம்பு வைத்தது. ஆஸ்திரேலியாவும் 2025-க்குப் புதிய மாணவர் எண்ணிக்கையை 270,000 என்று திட்டமிட்டது.

மலேசியாவும் இதைப் பார்த்திருக்கிறது

பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர்கள் ஒரு காலத்தில் சலுகைக் கட்டணத்தில் படித்தார்கள். 1979-இல் ஆட்சிக்கு வந்த தாட்சர் அரசாங்கம், இனி முழுச் செலவையும் அவர்களே கட்ட வேண்டும் என்று அறிவித்தது. 1980-இல் அது நடப்புக்கு வந்தது. அப்போது அங்கே படித்த வெளிநாட்டு மாணவர்களில் மலேசியர்கள்தான் பெரிய கூட்டம். நம் அரசாங்கத்துக்குக் கோபம். தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த கத்ரி நிறுவனத்தின் பங்குகளை 1981 செப்டம்பரில் மலேசியா லண்டனில் வாங்கியதும், அதன்பிறகு அங்கே பங்குச்சந்தை விதிகளை மாற்றியதும் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின. அடுத்த மாதமே டாக்டர் மகாதீர், “பிரிட்டிஷ் பொருள் கடைசியில்தான்” என்ற கொள்கையை அறிவித்தார். 1983 வரை அது நீடித்தது. மாணவர் கட்டணம் என்பது இரண்டு நாட்டு உறவையே உரசிப் பார்க்கிற விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்த அடி 1997-இல் விழுந்தது. ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்த ரிங்கிட் நான்கு வெள்ளிக்கும் கீழே சரிந்தது. 1998 செப்டம்பரில் 3.80-இல் கட்டிப்போட்டார்கள். வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களுக்கு ஒரே வருடத்தில் செலவு பாதிக்கு மேல் கூடிவிட்டது. எத்தனையோ பேர் பாதியில் திரும்பினார்கள். அதற்குச் சற்று முன் வந்திருந்த 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கேயே கிளை திறந்தன. மொனாஷ் 1998-இல் வந்தது, நாட்டிங்ஹாம் 2000-இல். மாணவனை அனுப்பிக்கொண்டிருந்த நாடு மாணவனை வரவேற்கும் நாடாகவும் ஆனது.

உங்கள் வீட்டுக் கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள். ஆஸ்திரேலிய டாலரை 2 வெள்ளி 80 சென்னாக வைத்துக்கொள்வோம். நாணய மதிப்பு தினமும் மாறும். இது கணக்குப் பழக மட்டும்.

வாழ்க்கைச் செலவு 29,710 டாலர். ஓராண்டுக் கட்டணம் 45,000 டாலர் என்று வைப்போம். பயணச் செலவு 2,000 டாலர். மொத்தம் 76,710 டாலர். வெள்ளியில் 214,788. முதல் ஆண்டுக்கு மட்டும் இவ்வளவு. பொறியியல் நான்கு ஆண்டு.

“ரொக்கமாக இல்லை, ஆனால் அப்பா அம்மாவுக்கு நல்ல வருமானம்” என்றால் ஆஸ்திரேலியா அதையும் ஏற்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் குறைந்தது 87,856 டாலர் என்று காட்டலாம். அதையும் பெருக்கிப் பாருங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 20,500 வெள்ளி வருகிறது. மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பன்னிரண்டு மாதத்துக்கு 20,400.

அதாவது நம் தோட்டத்தில் ஒருவர் வருடம் முழுக்கச் சம்பாதிப்பதை, அந்தப் பெற்றோர் ஒரே மாதத்தில் சம்பாதிக்க வேண்டும்.

அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மோட்டாரைக் கழுவ ஆரம்பித்தார். காலையில்தான் கழுவியிருந்தார்.

பணம் இருந்தும் தவறுவது எப்படி?

இங்கேதான் முக்கியமான பாடம். நம் குடும்பங்களில் பணம் ஓரிடத்தில் இருப்பதில்லை. கொஞ்சம் நகையில், கொஞ்சம் சீட்டில், கொஞ்சம் சேமநிதியில், மிச்சம் உறவுக்காரர்களின் வாக்கில். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இது போதும். நான்கு போன் போட்டால் சாயங்காலத்துக்குள் பணம் வந்துவிடும். விசா அதிகாரிக்கு இந்தக் கணக்கு புரியாது. அவருக்குத் தாள் வேண்டும்.

பிரிட்டனின் விதியை எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் படிப்பவர் மாதத்துக்கு 1,529 பவுண்டும், லண்டனுக்கு வெளியே படிப்பவர் 1,171 பவுண்டும் காட்ட வேண்டும். அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. வெளியூர் என்றால் 10,539 பவுண்டு. பவுண்டுக்கு 5 வெள்ளி 60 சென் வீதம் சுமார் 59,000 வெள்ளி. முதல் ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பாக்கியும் இதோடு சேரும்.

தொகையைவிட விதிகளைக் கவனியுங்கள். பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூட, ஒரு பவுண்டுகூடக் கீழே இறங்கக் கூடாது. இருபதாம் நாள் யாருக்கோ அவசரம் என்று ஐந்நூறு வெள்ளி எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்கலாம். பெற்றோர் பெயரில் என்றால் பிறப்புப் பத்திரமும் அவர்களின் சம்மதக் கடிதமும் தேவை. மாமா, சித்தப்பா, அத்தை கணக்கு ஏற்கப்படாது. நம் ஊரில் தாய்மாமன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பிரிட்டிஷ் விதியில் அவர் மூன்றாம் மனிதர்தான். அவர் உதவுவதாக இருந்தால் பணம் நேரத்தோடு உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும். நகை, நிலம், உடனே எடுக்க முடியாத ஓய்வுகால நிதி ஆகியவையும் கணக்கில் சேராது.

மலேசியர்களுக்குப் பிரிட்டனில் ஒரு சலுகை உண்டு. விண்ணப்பத்தோடு வங்கித் தாள்களை அனுப்ப வேண்டியதில்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, “மலேசியாவுக்குப் பணம் காட்டத் தேவையில்லை” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாளை அனுப்பத்தான் தேவையில்லை. பணம் இருந்தே ஆக வேண்டும். அதிகாரி கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

“அங்க போய் பார்ட் டைம் பண்ணிச் சமாளிச்சுக்கலாம்” என்பதும் செல்லாது. ஆஸ்திரேலியாவில் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் இனிமேல் சம்பாதிக்கப்போகும் பணம் காட்டும் பணம் ஆகாது.

வாடகைக்குப் பணம்

எங்கள் கதையை முடித்துவிடுகிறேன். பணம் பத்தாது என்று தெரிந்ததும் ஒரு ஏஜென்டு சொன்னார்: “கவலைப்படாதீங்க சார். உங்க கணக்குல ஒரு மாசத்துக்கு நாங்க போட்டு வைக்கிறோம். விசா வந்ததும் எடுத்துக்குவோம். சர்வீஸ் சார்ஜ் மட்டும் கொடுத்தா போதும்.”

காட்டுவதற்கு வாடகைப் பணம். நம் பக்கத்தில் இதை ‘ஷோ மணி’ என்பார்கள். அப்பா பாதி மனசோடு தலையாட்டிவிட்டார். அவருக்கு என்மேல் அவ்வளவு ஆசை.

அன்று இரவு நான் விண்ணப்பப் பாரத்தைப் படித்துக்காட்டினேன். கொடுத்த தகவல் எல்லாம் உண்மை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். “இவ்ளோ காசு திடீர்னு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா நான் என்னப்பா சொல்றது?” என்றேன்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நான் ஒரு பொய் சொல்லி உன்னை அனுப்புனா, நீ அங்க அதைக் காப்பாத்த நூறு பொய் சொல்லணும். வேணாண்டா.”

அவருக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சட்டமும் அதையேதான் சொல்கிறது. பொய்யான ஆவணம் கொடுத்தது தெரிந்தால் ஆஸ்திரேலியா மூன்று ஆண்டு வரை வேறு விசாவுக்கும் தடை போடலாம். பிரிட்டனில் ஏமாற்றியதாக முடிவானால் பத்து ஆண்டு. விசாக் கட்டணமும் திரும்பி வராது. இன்றைய 2,000 டாலர் என்றால் 5,600 வெள்ளி, மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். மாட்டிக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தாலும் ஆபத்துதான். வாடகைப் பணத்தை ஏஜென்டு எடுத்துக்கொண்ட மறுநாள் நீங்கள் அந்நிய ஊரில் வெறுங்கையோடு நிற்பீர்கள். அந்தப் பரீட்சை எதைத் தடுக்க வந்ததோ அதுவே நடக்கும்.

நல்ல வேளை, ஆசிரியர் ஒருவர் வற்புறுத்தியதால் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்து வைத்திருந்தேன். 2024 அக்டோபரில் பிடிபிடிஎன் கடனோடு சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு.

மறுபக்கத்திலிருந்து ஒருவன்

விடுதியில் என் அறைத்தோழன் வங்காளதேசத்துப் பையன். முதல் வாரத்திலேயே அவன் ஒன்று சொன்னான்: அவன் அப்பா வயலை விற்றுத்தான் முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினாராம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம் அவன் வீட்டிலும் இருந்திருக்கிறது. எனக்கு ஆஸ்திரேலியா எப்படியோ, அவனுக்கு மலேசியா அப்படி.

இங்கே வெளிநாட்டு மாணவருக்கான அனுமதியை 2012-இல் தொடங்கிய இஎம்ஜிஎஸ் நிறுவனம் கவனிக்கிறது. விசா அனுமதிக் கடிதம், மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி, மாணவர் அனுமதி புதுப்பிப்பு என்று அவன் கட்டிக்கொண்டே இருக்கிறான். வேலை செய்யலாமா என்றால், ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம், அதுவும் உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் போன்ற இடங்களில்தான். 2025-க்குள் 250,000 வெளிநாட்டு மாணவர் என்று நம் உயர்கல்வித் திட்டம் இலக்கு வைத்தது இவர்களை நம்பித்தான்.

நம் கெடாவிலேயே சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சங்லூன் பக்கம் போனால் பாருங்கள். வாடகை வீடு, சாப்பாட்டுக் கடை, துணி துவைக்கும் கடை, போன் கடை என்று மாணவர்களை நம்பி எத்தனை குடும்பம் பிழைக்கிறது! அவர்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் உண்டு. பில்லியன் கணக்கு என்பது கடைசியில் இப்படி ஒரு தட்டு நாசி, ஒரு மாத வாடகை என்று சேர்வதுதான். அவர்களை “வங்கா” என்று கேலி செய்கிற நம் ஆட்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். நம் ஜெராய் மலையின் மறுபக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு. பழைய கடாரம். கி.பி. 671-இல் சீனாவிலிருந்து கப்பல் ஏறிய யிஜிங் என்ற துறவி, ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் சமஸ்கிருத இலக்கணம் படித்துவிட்டு, கடாரம் வந்து, இங்கிருந்துதான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். நாளந்தாவில் சுமார் பத்து ஆண்டு படித்தார். திரும்பும்போதும் கடாரம் வழியாகவே வந்தார். நம் கரையைத் தொட்டுப் போன வெளிநாட்டு மாணவர்!

நாளந்தாவுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களின் வருவாய் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதுதான் அங்கே படித்தவர்களுக்குச் சோறு போட்டது. பின்னர் ஒன்பதாம் நூற்றாண்டில் சுவர்ணத்வீபத்து அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் கட்ட, அதன் பராமரிப்புக்கு வங்கத்துப் பால மன்னன் தேவபாலன் ஐந்து கிராமங்களைக் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. அன்று வருகிற மாணவனை ஊர் தாங்கியது. இன்று வருகிற மாணவன் ஊரைத் தாங்குகிறான். காலம் மாறிவிட்டது. குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் மாறியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று, நாலாம் படிவத்திலேயே கணக்குப் போடுங்கள். கட்டும் பணம் ஒரு பக்கம், காட்டும் பணம் மறுபக்கம். அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் சொந்த இணையப் பக்கத்தில் உள்ள எண்ணை மட்டும் எடுங்கள். நான் இங்கே எழுதியதுகூட நீங்கள் போகும்போது மாறியிருக்கலாம். பத்து விழுக்காடு கூட்டி வையுங்கள்.

இரண்டு, பணத்துக்குத் தாள் தேடுங்கள். சீட்டு எடுத்தால், நகை விற்றால், நிலம் விற்றால் ரசீதை வைத்திருங்கள். பணத்தை வீட்டில் வைக்காமல் வங்கியில் போட்டு, மாதாமாதம் வளர விடுங்கள். மெதுவாக வளர்ந்த கணக்கை அதிகாரி நம்புவார். ஒரே நாளில் முளைத்த கணக்கைச் சந்தேகப்படுவார்.

மூன்று, ஊழியர் சேமநிதியில் பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க வழி உண்டு. எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை நாளாகும் என்று அப்பா அம்மாவோடு போய் நேரில் கேளுங்கள். அது அவர்களின் முதுமைக்கான சோறு என்பதையும் மறக்காதீர்கள்.

நான்கு, உள்நாட்டு விண்ணப்பத்தைக் கைவிடாதீர்கள். முதல் பட்டம் இங்கே, மேற்படிப்பு வெளியே என்பது தோல்வி இல்லை. முதுகலையில் ஜப்பானிய அரசாங்கத்தின் மெக்ஸ்ட், பிரிட்டனின் செவனிங் போன்ற உபகாரச் சம்பளங்கள் மலேசியர்களுக்கு இருக்கின்றன. அங்கே வாழ்க்கைச் செலவைத் தருவதும் அவர்களே.

ஐந்து, “காசு நாங்க காட்டுறோம்” என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ஐந்தாம் படிவத் தம்பி போன வாரம் ஒரு தாளோடு வந்தான். நேராகக் கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பிரித்திருந்தான். காட்டும் பக்கத்தில் அவன் பெயரில் உள்ள சேமிப்பு 1,240 வெள்ளி. “கொஞ்சம்தான்ணா” என்றான். “பரவாயில்லை. இது உன் காசு. யார் கேட்டாலும் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லலாம்” என்றேன்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடும்பத்தின் சேமிப்பு எந்தெந்த வடிவத்தில் இருக்கிறது? அவற்றில் எதற்கு இன்றே தாள் காட்ட முடியும்?

2. லாபம் தரும் மாணவனிடம் பணத்துக்குச் சான்று கேட்பது நியாயமா? கனடாவில் நடந்ததை வைத்து இரு தரப்பும் பேசுங்கள்.

3. நம் வட்டாரத்தில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களை நம் கோயில் விழாக்களுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் அழைத்திருக்கிறோமா? இந்தத் தீபாவளிக்கு என்ன செய்யலாம்?